பட்டுப்புழு நரம்பில் ஒரு தூண்டில்

போன ஐப்பசியில், கூடு கட்டத் தயாராக இருந்த 15 புழுக்களை எடுத்து வினிகர் கிண்ணத்தில் போட்டேன். அம்மா இரண்டு நாள் முகம் கொடுத்துப் பேசவில்லை. “24 நாள் தழை வெட்டிப் போட்டு வளத்து, கடைசி நாள்ல ஊறுகா போடறியா?” என்று கேட்டதோடு சரி. நியாயமான கேள்விதான். எங்கள் வீட்டில் ஒரு புழு என்றால் ஒரு கூடு. நல்ல வெண்பட்டுக் கூடு ஒன்றைப் பிரித்தால் ஏறக்குறைய 1,000 மீட்டர் இழை வரும். அதே புழுவிலிருந்து நான் எடுக்கப் பார்த்தது தூண்டிலில் கட்ட ஒரு அடி நரம்பு.

ஊட்டியில் வேலை பார்த்த மூன்று வருஷத்தில் ஒட்டிக்கொண்ட பைத்தியம் இது. கூட வேலை செய்த ஒரு பெரியவர் ட்ரவுட் பிடிப்பவர். ஞாயிற்றுக்கிழமைகளில் அவருடைய பையைத் தூக்கிக்கொண்டு பின்னால் நடப்பேன். ட்ரவுட் நீலகிரிக்குச் சொந்த மீன் இல்லை, வெள்ளைக்காரர்கள் கொண்டுவந்து விட்டது. எச்.சி. வில்சன் என்பவர் 1907-ல் அவலாஞ்சியில் குஞ்சு பொரிப்பகம் அமைத்த பிறகுதான் அங்கே அது நிலைத்தது. பெரியவர் மண்புழுவும் வைக்கமாட்டார், மாவும் உருட்டமாட்டார். சிறு முள்ளில் சேவல் இறகையும் நூலையும் சுற்றிப் பூச்சி மாதிரி செய்து, அதைத் தண்ணீர் மேல் இறக்குவார். நம் ஊர்த் தூண்டிலில் ஈயக்குண்டு பாய்ந்து போகும், தங்கூசி என்கிற நைலான் இழை அதன் பின்னால் போகும். இதில் அப்படியே தலைகீழ். பொய்ப்பூச்சிக்கு எடையே கிடையாது. கயிற்றுக்குத்தான் எடை. சாட்டையைச் சொடுக்குகிற மாதிரி கயிற்றை வீசினால், அது விரிந்து நீண்டு, கடைசியில் பூச்சியை மெதுவாகக் கீழே வைத்துவிட்டுப் படுக்கும். அதைப் பார்த்துக்கொண்டே எத்தனை மணி நேரம் வேண்டுமானாலும் உட்காரலாம்.

ஊருக்குத் திரும்பியதும் அந்த வசதி போயிற்று. பாலக்கோட்டுக்கும் மாரண்டஹள்ளிக்கும் நடுவில் எங்கள் ஊர். இங்கே ட்ரவுட்டைக் கொண்டுவந்து விட்டாலும் பிழைக்காது. அதற்குத் தண்ணீர் 20 டிகிரிக்குள் இருக்கவேண்டும், 25-ஐத் தாண்டினால் உயிருக்கே ஆபத்து. சூடு ஏற ஏறத் தண்ணீரில் கரைந்திருக்கும் ஆக்சிஜன் குறைந்துகொண்டே போகும். 10 டிகிரியில் லிட்டருக்கு 11 மில்லிகிராமுக்கு மேல் கரையும், 30 டிகிரியில் ஏழரைதான். மீன் தொட்டியில் போடுகிற வெப்பமானியைக் கொண்டுபோய் எங்கள் ஓடையில் வைத்துப் பார்த்தேன். மழைக்காலத்துக் காலை ஏழு மணிக்கே 25 காட்டியது.

ஆனால் கெண்டைப்பொடி என்கிற சின்ன மீனுக்கு அது சொர்க்கம். பொடிக்கும் பூச்சி பிடிக்கும். ட்ரவுட் இல்லாவிட்டால் என்ன, அந்தக் கலையை இங்கே கொண்டுவந்துவிடலாம் என்று தோன்றியது. ஒரே ஒரு பிடிவாதம் மட்டும் வைத்துக்கொண்டேன்: முள்ளைத் தவிர எல்லாம் எங்கள் வீட்டிலும் அக்கம்பக்கத்திலும் கிடைப்பதாக இருக்கவேண்டும்.

அந்தப் பிடிவாதம்தான் புழுவில் கொண்டுவந்து விட்டது. நைலான் 1930-களின் கடைசியில்தான் வந்தது. அதற்கு முன்னால் ட்ரவுட் தூண்டில்காரர்கள் கயிற்றுக்கும் முள்ளுக்கும் நடுவே, மீன் கண்ணுக்குத் தெரியாத இழையாகக் கட்டியது பட்டுப்புழுவின் நரம்பு. நூற்ற பட்டு இல்லை. புழுவின் வயிற்றிலிருந்து நேராக உருவி எடுத்தது. ஸ்பெயினின் மூர்சியா வட்டாரம் இதற்குப் பேர்போனது. ஊட்டிப் பெரியவர் பேச்சுவாக்கில் இதைச் சொன்னபோது எனக்குச் சிரிப்பு வந்துவிட்டது. தர்மபுரி பட்டுக்கூடு அங்காடிக்கு அப்பாவோடு மூட்டை தூக்கிப் போய் வளர்ந்தவன் நான். மூன்று வருஷமாகக் கடையில் தங்கூசி வாங்கிக்கொண்டிருந்திருக்கிறேன்.

புழுவின் உடம்புக்குள் இரண்டு பக்கமும் இரண்டு பட்டுச் சுரப்பிகள், குடலைப் போல மடிந்து மடிந்து கிடக்கும். ஐந்தாம் பருவத்தின் கடைசியில் புழு பழுத்து, உடம்பு கண்ணாடி மாதிரி ஆகி, தழையை விட்டுத் தலையைத் தூக்கி ஆட்டும்போது அந்தச் சுரப்பிகள் நிறைந்து ததும்பும். உள்ளே இருப்பது திரவப் பட்டு. புழு தானாக நூற்கும்போது, சுரப்பியின் பின்பக்கத்திலிருந்து வாய்ப்பக்கம் வர வர அமிலத்தன்மை ஏறும். அதிலும் இழுப்பதிலும்தான் திரவம் இழையாக இறுகுகிறது. வினிகரில் ஊறவைப்பது இதே வேலையை முரட்டுத்தனமாகச் செய்வதுதான்.

எவ்வளவு நேரம் ஊறவைப்பது என்பதில்தான் எல்லாம் இருந்தது. 15 புழுக்களையும் ஐந்தைந்தாகப் பிரித்தேன். மளிகைக் கடையில் விற்கும் சாதாரண வெள்ளை வினிகர்தான்.

மூன்று மணி நேரம் ஊறியவற்றைப் பிரித்தால் கூழ். விரலில் ஒட்டிக்கொண்டு, இழுத்த இடத்தில் எல்லாம் அறுந்தது. ஒருநாள் முழுக்க ஊறியவை வேறு மாதிரி: சுரப்பி வேகவைத்த சேமியா போல வெளுத்து விறைத்திருந்தது, இரண்டு விரற்கடை நீண்டதும் பட்டென்று முறிந்தது. இரவு போட்டுக் காலையில் எடுத்தவை, சுமார் 10 மணி நேரம், வழிக்கு வந்தன. புழுவை நடுவில் பிய்த்துத் திறந்தால் இரண்டு சுரப்பிகளும் இளமஞ்சள் நிறத்தில், ரப்பர் மாதிரி வெளியே வந்தன. இரு முனையையும் பிடித்து, நிறுத்தாமல், ஒரே சீராக இழுக்கவேண்டும். பாதியில் நிறுத்தி மூச்சு வாங்கினால் அந்த இடம் தடித்துப்போகும், அதன் பக்கத்து இடம் மெலிந்துபோகும். எனக்கு முதல் நான்கும் அப்படித்தான் போயின. ஐந்தாவது, இரண்டு கைக்கும் நடுவே ஒரு அடிக்கு மேல் பளபளவென்று நீண்டபோது நான் கத்திய கத்தலில் அண்ணி அடுப்படியிலிருந்து ஓடி வந்துவிட்டார்.

இழுத்த நரம்பின் இரண்டு முனையையும் பலகையில் ஆணிக்கு ஆணி சுற்றி, நிழலில் ஒருநாள் காயவிட்டேன். வெயிலில் வைத்த ஒன்று முறுக்கிக்கொண்டது. காய்ந்ததும் மேலே வெங்காயத் தோல் மாதிரி ஒரு படலம் இருக்கும். வெதுவெதுப்பான சோப்புத் தண்ணீரில் ஊறவைத்து, துணியால் உருவி உருவி எடுத்தால் அடியில் வைக்கோல் நிறத்தில் வழவழப்பான நரம்பு. முதல் சுற்றில் 15 புழுவுக்கு உருப்படியாகத் தேறியவை 4.

இரண்டாம் சுற்றுக்கு அம்மா ஒரு சலுகை கொடுத்தார். மற்றவை எல்லாம் கூடு கட்டும் தட்டியான சந்திரிகையில் ஏறிய பிறகும் தட்டில் பின்தங்கிக் கிடந்த புழுக்களை எடுத்துக்கொள்ளச் சொன்னார். 20 புழு. ஒன்றுகூட உதவவில்லை. சரியாகத் தின்னாத புழுவுக்குச் சுரப்பியும் மெலிந்துதான் இருக்கும் என்பது அம்மாவுக்குத் தெரியாமலா இருக்கும்? தெரிந்துதான் கொடுத்திருக்கிறார். கடைசியில் 12 நல்ல புழுவைக் காசு கொடுத்து வாங்கினேன். 12 கூடும் சேர்ந்தாலும் 25 கிராம் தாண்டாது. அன்றைய அங்காடி விலைக்குக் கணக்குப் போட்டுக் கொடுத்த சில்லறையை அம்மா எண்ணி வாங்கி முந்தானையில் முடிந்துகொண்டார். அந்தப் 12-லிருந்து 11 நல்ல நரம்புகள் கிடைத்தன.

பலம் பார்க்க, நரம்பின் ஒரு முனையில் தண்ணீர் பாட்டிலைக் கட்டித் தொங்கவிட்டு, கொஞ்சம் கொஞ்சமாக நிரப்பினேன். காய்ந்த நரம்பு முடிச்சிலேயே ஒடிந்தது, காய்ந்த வைக்கோலை மடிக்கிற மாதிரி. அரைமணி நேரம் ஊறவைத்து முடிச்சுப் போட்டால் 600 மில்லி வரை தாங்கியது. நரம்பு என்னவோ இரண்டு தரமும் ஒன்றேதான், ஈரம்தான் வித்தியாசம். இதற்காகவே அந்தக் காலத்தவர் ஈரத்துணி வைத்த தகர டப்பாவில் நரம்பைப் பத்திரப்படுத்தினார்களாம். நான் காலியான திருநீற்று டப்பாவில் நனைத்த பஞ்சை வைத்துக்கொண்டேன். இந்த விஷயத்தை மறுபடி சொல்லவேண்டிவரும்.

கோலைப் பற்றி அதிகம் சொல்வதற்கில்லை. கயிறு சுற்றும் ரீல் வேண்டாம் என்று முடிவு செய்துவிட்டேன். ஜப்பானின் மலை ஓடைகளில் டென்காரா என்று ஒரு முறை உண்டு, கோல் நுனியிலேயே கயிற்றைக் கட்டிவிடுவார்கள். நம் ஊர்ப் பையன்கள் மூங்கில் குச்சியில் செய்வதும் அதுதான், வீசுகிற விதம்தான் வேறு. ஏணி விற்கும் கடையில் பதினொரு அடிக் கல்மூங்கில் ஒன்று வாங்கினேன். உள்ளே கெட்டியாக இருப்பதால் நுனி மெலிந்தாலும் ஒடியாது. டிவிஎஸ் எக்ஸ்எல்லில் அதைப் பக்கவாட்டில் கட்டி வீடு வந்து சேர்ந்தது தனிக் கதை, வழியில் இரண்டு பேர் திட்டினார்கள். கரி அடுப்பில் கணுக் கணுவாகக் காட்டி, மேலே ஈரம் வியர்க்கும்போது எதிர்ப்பக்கம் வளைத்துப் பிடித்து, ஈரத்துணியால் ஆற்றி நிமிர்த்தினேன். கணுவைச் சீவித் தேய்த்தேன். அவ்வளவுதான். கனம் கொஞ்சம் அதிகம். ஒருமணி நேரம் வீசினால் மணிக்கட்டு பேசும்.

கயிற்றில் ஒருமுறை ஏமாந்தேன். நெசவுக்கு முறுக்கிய பாவு நூல் உறவுக்காரர் ஒருவரிடம் கிடைத்தது. முதலில் 18 இழையை முறுக்கிக் கட்டினேன். கையில் பிடிக்க அழகாக இருந்தது, வீசினால் காற்று எடுத்துக்கொண்டு போய் என் முகத்திலேயே போட்டது. எடை போதவில்லை. அப்புறம் கோல் பக்கம் 60 இழை, நடுவில் 40, நுனியில் 24 என்று படிப்படியாக மெலியும்படி ஆணிகளில் சுற்றினேன். பாதி இழைகளை ஒரு கொக்கியிலும் மீதியை இன்னொன்றிலும் மாட்டி, துளை போடும் மெஷினால் ஒரே பக்கமாக முறுக்கி, இரண்டையும் சேர்த்துப் பிடித்துவிட்டால் அவை தாமே எதிர்ப்பக்கம் சுற்றிப் பின்னிக்கொள்ளும். நார்க்கயிறு திரிக்கிறவர்களுக்கு இதில் புதிதாக ஒன்றும் இல்லை. மூன்றரை மீட்டர் வந்தது. பெயிண்ட் கடையில் வாங்கிய ஆளிவிதை எண்ணெயைத் தடவி, பத்து நாள் தொங்கவிட்டு, மேலே தேன்மெழுகு தேய்த்தேன். ஒன்று சொல்லவேண்டும்: அந்த எண்ணெய் துடைத்த துணியைச் சுருட்டி மூலையில் போட்டுவிடாதீர்கள். காயும்போது தானே சூடேறித் தீப்பிடிக்கும். விரித்துக் காயவைத்துவிட்டு எறியுங்கள்.

பூச்சி கட்டுவதற்கு எங்கள் செவலைச் சேவல் உதவியது. அதற்குக் கழுத்து முடி நீளமாக, ஈர்க்கு மாதிரி விறைப்பாக இருக்கும். கோழியின் இறகு இந்த வேலைக்கு ஆகாது, தண்ணீர் பட்டதும் துவண்டுவிடும். சேவல் முடியை முள்ளின் மேல் நெருக்கமாகச் சுற்றினால் அதன் சிறு மயிர்கள் நாலாபக்கமும் விறைத்து நின்று, நீர்த்தோலைக் குத்தாமல் அதன் மேலேயே உட்காரும். பூச்சியின் கால் எப்படி உட்காருகிறதோ அப்படி. நெல்மணி அளவு முள்ளை வாங்கி, எதிர்க்கொக்கியைக் குறடால் நசுக்கிவிட்டேன், மீனை விடும்போது வாய் கிழியாது. பட்டறை வைஸ் பெரிதாக இருந்ததால் முள்ளைச் சின்னக் குறடில் கவ்வவைத்து, அந்தக் குறடை வைஸில் மாட்டினேன். உடம்புக்குப் பட்டு நூலில் பழுப்பு, அதன் மேல் மயிலிறகின் ஒரு மயிர் இரண்டு சுற்று. முதல் பூச்சி துடைப்பத்தில் சிக்கிய கரப்பான் மாதிரி இருந்தது. எட்டாவது பரவாயில்லை.

எந்தப் பூச்சி மாதிரி கட்டுவது என்பதை ஓடைதான் சொன்னது. பஞ்சப்பள்ளி அணைக்குக் கீழே சின்னாறு மாரண்டஹள்ளிப் பக்கம் வரும்போது, தோட்டங்களுக்கு நடுவிலிருந்து சின்னச் சின்ன ஓடைகள் அதில் விழும். எங்களுடையது அதில் ஒன்று. இரண்டு கரையிலும் புங்கமரம், ஒரு வளைவில் பெரிய நீர்மருது. சின்னாறு போய்ச் சேர்வது ஒகேனக்கலில், காவிரியில். அந்தப் பக்கம் போய் வீசலாமா என்று கேட்டவர்கள் உண்டு. காடு தொடங்கிவிட்டால் வேண்டாம். தர்மபுரி, கிருஷ்ணகிரி இரண்டு மாவட்டத்திலும் பரவியிருக்கும் காவிரி வடக்கு வனஉயிரினச் சரணாலயம் 2014-ல் அறிவிக்கப்பட்டது, அதற்குள் தூண்டிலோடு நுழைவது குற்றம். அணைகளில் மீன் குத்தகை இருக்கும், அங்கும் கேட்காமல் இறங்கக் கூடாது. நான் போனது பெரியப்பாவின் வயலை ஒட்டி.

ஓடையில் ஒரு கல்லைப் புரட்டினால் அடியில் மணல் துகள்களால் ஆன, அரை அங்குலக் குழாய்கள் ஒட்டிக்கொண்டிருக்கும். சின்ன வயசில் அவற்றைப் பிய்த்து விளையாடியிருக்கிறோம். கேடிஸ் என்கிற பூச்சியின் புழு வீடு அது. அந்தப் புழு தண்ணீருக்கு அடியிலேயே பட்டு நூற்று, மணலை ஒட்டிக் கூடு கட்டுகிறது. விட்டில், பட்டாம்பூச்சி வகைக்கு மிக நெருங்கிய சொந்தம் அது. அதாவது எங்கள் புழு மனையில் தழை தின்பவற்றின் பங்காளி. ட்ரவுட்காரர்கள் கட்டும் பொய்ப்பூச்சிகளில் பல இந்தக் கேடிஸைப் பார்த்துக் கட்டுவதுதான். அன்று வீட்டுக்கு வந்து அம்மாவிடம் இதைச் சொன்னேன். “அதையும் ஊறுகா போட்டுறாத” என்றார். பழையபடி கிண்டல் பேச ஆரம்பித்துவிட்டார் என்று நிம்மதி.

கார்த்திகையில் மூன்று நாள் மழை பெய்து விட்டது. இரண்டு நாள் கழித்துத் தண்ணீர் தெளிந்து, கடைத் தேநீர் நிறத்திலிருந்து கண்ணாடியாக மாறிக்கொண்டிருந்தது. முதல் நாள் சாயங்காலம் ஈசல் கிளம்பியிருந்ததால் ஓரங்களில் எல்லாம் உதிர்ந்த இறக்கை. இறங்கின இடத்தில் ஒரு மீன்கொத்தி என்னை முறைத்துவிட்டுப் பறந்தது. தொழில் போட்டி.

முதல் அரைமணி நேரம் நான் பிடித்தவை: புங்கக் கிளை இரண்டு, வேலிக்காத்தான் ஒன்று, என் சட்டைக் காலர். சின்ன ஓடையில் பின்னால் வீச இடம் கிடையாது. மண்டி போட்டு, கோலைப் பக்கவாட்டில் தாழ்த்தி, மணிக்கட்டால் மட்டும் சுண்டியபோதுதான் கயிறு விரிந்தது. மீன் எப்போதும் நீரோட்டத்தை எதிர்த்து முகம் வைத்து நிற்கும், அதனால் கீழே இருந்து மேல்நோக்கிப் போகவேண்டும். அப்போது நாம் அதன் முதுகுப் பக்கம் இருப்போம். கோலின் நிழல் தண்ணீரில் விழுந்த இரண்டு தரமும் மொத்தக் கூட்டமும் கல்லுக்கடியில் ஒளிந்து, பத்து நிமிஷம் வெளியே வரவில்லை.

ஆடு மேய்க்கும் தாத்தா ஒருவர் கரையில் குந்தி வெகுநேரம் பார்த்துக்கொண்டிருந்தார்.

“ஏன் தம்பி, முள்ளுல ஒண்ணுமே வைக்கலியா?”

“பூச்சி இருக்குங்க தாத்தா. சேவ முடியில கட்டினது.”

டப்பாவிலிருந்து ஒன்றை எடுத்துக் கொடுத்தேன். உள்ளங்கையில் வைத்து, கண்ணருகே கொண்டுபோய்ப் பார்த்தார். “ஈசலுக்கு ரக்க வெள்ளையா, நீட்டமா, படுத்த மாதிரி இருக்கும். இது சிலுத்துக்கிட்டு நிக்குதே” என்றார். இரண்டு வாரம் நான் யோசிக்காத விஷயம். வெள்ளைக்கோழி இறகை உடம்பின் மேல் படுக்கையாக வைத்துக் கட்டியது ஒன்று, விளையாட்டாகச் செய்தது, டப்பாவின் அடியில் கிடந்தது. அதை மாட்டினேன்.

நீர்மருதின் வேரடியில், வேகமாக வரும் தண்ணீர் குழியில் விழுந்து அடங்கும் இடம். பூச்சி இறங்கி ஒரு முழம் மிதந்திருக்கும். தண்ணீரில் பொட்டு வைத்த மாதிரி ஒரு சுழி, பூச்சி காணோம். பதறிப்போய் இழுத்த இழுப்பில் விரல் நீளக் கெண்டைப்பொடி ஒன்று என் தலைக்கு மேலே பறந்து பின்னால் புல்லில் விழுந்தது. தாத்தா சிரித்த சிரிப்பில் ஆடுகள் மிரண்டன. அடுத்ததை இழுக்கவில்லை, கோலைத் தூக்கினேன், அவ்வளவுதான். வெள்ளிச் செதிலும் வால் பக்கம் கறுப்புப் பொட்டுமாக ஒரு கெண்டை. கையை நனைத்துக்கொண்டு பிடித்து, முள்ளைக் கழற்றித் தண்ணீரில் விட்டேன். “விடறதுக்கா புடிக்கற?” என்று தாத்தா எழுந்து போய்விட்டார். அவருக்கு அதற்கு மேல் பார்க்க ஒன்றும் இருக்கவில்லை.

மதியத்துக்குள் ஐந்து. நரம்பு ஒன்றுகூட அறவில்லை. ஈரமாக இருக்கும்போது அது தங்கூசியைவிட மென்மையாகத் தண்ணீரில் படுகிறது, சுருள் விழுவதில்லை. இது என் பிள்ளைப் பாசமாகவும் இருக்கலாம்.

பன்னிரண்டரைக்குக் கோலை மரத்தில் சாய்த்துவிட்டுப் புளிசோறு சாப்பிட்டேன். காற்று நன்றாக இருந்தது, ஒரு கண் அயர்ந்தேன் என்றுகூடச் சொல்லலாம். திரும்ப வந்து முதல் வீச்சு, அதே வேரடி. இந்தத் தரம் சுழி இல்லை, ‘சளப்’ என்று சத்தம். கை அகல ஜிலேபி மீன் ஒன்று, பக்கவாட்டில் திரும்பியபோது நன்றாகவே பார்த்தேன். கோல் வளைந்தது, ஒரு நொடிதான். பூச்சிக்கு மேலே இருந்த முடிச்சில் நரம்பு ஒடிந்தது. எடுத்துப் பார்த்தால் நுனி வைக்கோல் மாதிரி பிளந்திருந்தது. ஒருமணி நேரம் காற்றில் காய்ந்திருக்கிறது. திருநீற்று டப்பா பையிலேயே இருந்தது. நல்லவேளை, எதிர்க்கொக்கியை நசுக்கியிருந்ததால் முள் சீக்கிரம் கழன்றுவிடும்.

இப்போது சாப்பிடப் போனால் கயிற்றின் நுனியைத் தண்ணீரிலேயே போட்டு, மேலே ஒரு கல்லை வைத்துவிட்டுப் போகிறேன். முடிச்சுக்கு முன்னால் வாயில் வைத்து நனைக்கும் பழக்கமும் வந்துவிட்டது, லேசாக வினிகர் புளிக்கும். நரம்பு இன்னும் 7 மிச்சம். தை மாத முட்டைக்குச் சொல்லியாயிற்று. நேற்றுத் தழை வெட்டிக்கொண்டிருந்தபோது அம்மா தலையைத் தூக்காமலே கேட்டார்: “அடுத்த பட்டத்துல உனக்கு எத்தன வேணும்? முன்கூட்டியே சொல்லிடு. விலை மட்டும் ஏத்தித்தான் போடுவேன்.”